மறு: "ஆசியச் சிவப்பு" சரியா?

> மது குடித்ததும் சிலருக்கு முகம் சிவந்துபோவதற்கு நம் சொற்பட்டியலில் 'ஆசியச் சிவப்பு' என்று போடலாமா? ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அப்படித்தானே.

வணக்கம் ஐயா. அந்தப் பேச்சுவழக்கே கோணல், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நாமும் ஆசியர்தாமே! ஜப்பான், கொரியா, சீனாவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வரும் இது, தெற்காசியரிடம் அரிது.

> 'மது ஒவ்வாமை' எளிமையாக இருக்கிறதே?

ஒவ்வாமை என்றால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. இது நொதிக் கோளாறு. உள்ளே போன சாராயம் முதலில் அசிட்டால்டிகைடு என்ற நச்சாகிறது. அதை அசிட்டேட்டாக மாற்றும் நொதிக்கான மரபணு, 12-ஆம் குரோமோசோமில் உள்ள ஏஎல்டிஎச்2. அதில் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதியில் குளூட்டமேட் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தால் நொதி முடங்கும். நான்கு துண்டுகள் கூடித்தான் இந்த நொதி; அதனால் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் மரபணுவின் மாறிய படி (நகல்) வந்தாலும், கெட்ட துண்டு கலந்த கூட்டு மந்தமாகிவிடும். நச்சு தேங்கும், ரத்தக்குழாய் விரியும், முகமும் கழுத்தும் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். குடியை நிறுத்தத் தரும் டைசல்பிராம் மாத்திரையும் இதே நொதியைத்தான் முடக்குகிறது.

என் பரிந்துரை: மதுச்சிவப்பு. வெறும் 'முகஞ்சிவத்தல்' போதாது. தமிழில் முகம் சிவந்தால் ஒன்று கோபம், இல்லையேல் நாணம்.

---

> என் பரிந்துரை: மதுச்சிவப்பு.

தம்பி, இதைக் கேட்டதும் எனக்குத் திராட்சை மதுவின் நிறம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் "அவனுக்குச் சரக்கு தாங்காது" என்பார்கள். 'மது தாங்காமை' என்றே வைத்தால் என்ன?

---

ஐயா, நிறக்குழப்பம் உண்மைதான், எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் 'தாங்காமை' என்றால் இவர்கள் குடிக்கவே மாட்டார்கள் என்று படும். இரண்டு படியும் மாறியவர்கள் பெரும்பாலும் குடியை அண்டுவதில்லை. ஒரு படி மட்டும் மாறியவர்கள் அப்படியில்லை. ஜப்பானில் குடிநோயாளிகளிடையே அவர்களின் பங்கு 1979-இல் 2.5 விழுக்காடு, 1992-இல் 13 விழுக்காடு. மரபணு அதேதான், மாறியது அலுவலகம் முடிந்து கூடிக் குடிக்கும் பழக்கம் போன்றவைதான் என்பது என் எண்ணம். சிவந்தபடியே குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டே குடிப்பவர்கள் அவர்கள்.

தொழிற்பெயராக 'மதுச்சிவத்தல்' என்று வைத்தால் நிறக்குழப்பம் தீரும் அல்லவா? 'மது தாங்காமை'யை அடியில் உள்ள நொதிக்குறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

---

மதுச்சிவத்தல் சரி. சொற்பட்டியலில் ஏற்றிவிடுங்கள். நொதிக்குறைக்குத் தனி இழை தொடங்குவோம்.