கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுக்கும் ஒரே ரேட்டிங் பட்டியல்: கணக்கு எங்கே தவறுகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் 12 பேரும் தருமபுரியில் 7 பேருமாக நாங்கள் இரண்டு சிறு குழுக்களாக இருந்து, உரிமம் தேவைப்படாத வகைக் காற்றுக் கைத்துப்பாக்கிகளைக் கொண்டு பிராக்டிக்கல் ஷூட்டிங் முறையில் அவரவர் ஊரில் மாதத்துக்கு ஒரு மேட்ச் நடத்தி வருகிறோம். ஓரிடத்தில் நின்று ஒரே அட்டையைச் சுடும் விளையாட்டு அன்று இது. பீப் ஒலித்ததும் தடுப்புகளுக்கு இடையே நகர்ந்து, வெவ்வேறு தொலைவுகளில் இருக்கும் அட்டைகளைச் சுட்டு முடிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒவ்வொரு சுற்றும் ஒரு ஸ்டேஜ்; பல ஸ்டேஜ்கள் சேர்ந்ததே ஒரு மேட்ச். பெற்ற புள்ளிகளைச் செலவான நொடிகளால் வகுத்தால் கிடைப்பதே ஹிட் ஃபேக்டர். 1976-இல் தொடங்கப்பட்ட சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி பின்பற்றும் அதே முறையைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். அட்டையின் நடுப்பகுதிக்கு 5, அடுத்த பகுதிக்கு 3, ஓரத்துக்கு 1 என்று புள்ளி. குறி தவறினால் 10 கழியும்.

ஒவ்வொருவரின் திறனையும் ஓர் எண்ணாகக் காட்டும் பட்டியல் வேண்டுமென்று, சதுரங்கத்தில் எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்து வெற்றிக்குப் புள்ளி கூட்டித் தோல்விக்குக் கழிக்கும் எலோ முறையை எக்செல்லில் எழுதினேன். எல்லோருக்கும் தொடக்கம் 1500. மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு இணையையும் தனித்தனி ஆட்டமாகக் கருதி, மேலே வந்தவர் வென்றார், கீழே வந்தவர் தோற்றார் என்று K மதிப்பு (ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளி) 32 வைத்துக் கணக்கிடுகிறேன். பத்து மாதங்களுக்குப் பிறகு பட்டியலைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை.

எங்கள் கிருஷ்ணகிரிக் குழுவில் நன்றாகச் சுடும் ஒருவருக்கு ஒரு மேட்சில் துப்பாக்கி மக்கர் செய்து இரண்டு ஸ்டேஜ்களில் சுழியம் விழுந்ததால் அவர் கடைசி இடத்துக்குப் போனார். அந்த ஒரே நாளில் அவருடைய ரேட்டிங் 1640-இலிருந்து 1394-க்குச் சரிந்துவிட்டது. மறுபுறம், தருமபுரிக் குழுவில் எப்போதும் முதலிடம் பெறும் இளைஞர் ஒட்டுமொத்தப் பட்டியலில் இரண்டாவதாக நிற்கிறார். பொங்கல் கழிந்ததும் இரு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடிய நட்பு மேட்சில் அவர் 19 பேரில் பத்தாவதாகத்தான் வந்தார். நட்பு ஆட்டம் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கூட்டல் கழித்தலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். சூத்திரத்தில் பிழை தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1: ஓசூர் டைமர்

விடை சொல்லும் முன் இரண்டு விவரங்கள் தேவை. இணைகளைக் கூட்டும்போது K மதிப்பை எதனாலாவது வகுக்கிறீர்களா? பாதுகாப்பு விதியை மீறித் தகுதி நீக்கம் பெற்றவர்களை எந்த இடத்தில் வைக்கிறீர்கள்?

காவேரிப்பட்டணத்துக்காரன்

எதனாலும் வகுக்கவில்லை, அண்ணா. தகுதி நீக்கம் இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டையும் கடைசி இடமாகவே பதிந்திருக்கிறேன்.

பதில் 2: பாலக்கோட்டுப் புள்ளியியல் ஆசிரியர்

தம்பி, உங்கள் சூத்திரத்தில் பிழை இல்லை. அதைப் பயன்படுத்தியிருக்கும் இடத்தில்தான் சிக்கல்.

முதலில் அந்த 246 புள்ளிச் சரிவைப் பார்ப்போம். இயற்பியல் பேராசிரியரான அர்பாட் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்ட இந்த முறை, இருவர் ஆடும் ஆட்டத்துக்காக ஏற்பட்டது. அங்கே ஓர் ஆட்டம் ஒரு சான்று. உங்கள் மேட்சில் 12 பேர் இருப்பதால் ஒருவருக்கு 11 இணைகள் அமைகின்றன. 1640 புள்ளிக்காரர் மற்றவர்களோடு மோதும்போது சராசரியாக 0.7 அளவுக்கு வெற்றி எதிர்பார்க்கப்படுகிறது என்று கொள்ளுங்கள். பதினோரு பேரிடமும் தோற்றால் 11, 32, 0.7 மூன்றையும் பெருக்கி வரும் 246 புள்ளிகள் பறிபோகும். ஆனால் அவர் பதினோரு முறை தோற்கவில்லை. ஒருமுறை துப்பாக்கி மக்கர் செய்தது, அந்த ஒரே நிகழ்வைப் பதினோரு சான்றுகளாக நீங்கள் எண்ணிவிட்டீர்கள். K மதிப்பை எதிராளிகளின் எண்ணிக்கையான 11-ஆல் வகுத்தால் சரிவு 22 புள்ளியாகச் சுருங்கிவிடும். இது ஒரு வரித் திருத்தம்தான்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது; எந்த K மதிப்பாலும் அது தீராது. எலோ முறையில் ஒருவர் பெறும் புள்ளி இன்னொருவர் இழக்கும் புள்ளி. ஆகவே வெளியாள் வராத ஒரு குழுவின் சராசரி என்றென்றும் 1500-ஆகவே நிற்கும். தருமபுரியின் ஏழு பேரும் நேற்றுதான் துப்பாக்கியைத் தொட்டவர்கள் என்றாலும் அவர்களுடைய சராசரி 1500தான். அனைவரும் உலகச் சாம்பியன்கள் என்றாலும் அதே 1500தான். இரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அந்தந்தக் கிணற்றின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டு, எந்த ஊரில் நீர் மேலே இருக்கிறது என்று கேட்பது போன்றது இது. இரண்டு ஊரையும் இணைக்கும் ஒரே பாலமாக உங்களிடம் இருந்தது அந்த நட்பு மேட்ச். அதையும் கழற்றி வைத்துவிட்டீர்கள். உடனே அதைக் கணக்கில் சேருங்கள்.

இந்த விளையாட்டுக்கு எலோவே தேவையா என்ற ஐயமும் எனக்கு உண்டு. சதுரங்கத்தில் வெற்றி, தோல்வி, சமன் ஆகியவற்றைத் தவிர வேறு தகவல் இல்லை. அதனால்தான் அங்கே அந்த முறை. உங்கள் கையிலோ ஹிட் ஃபேக்டர் என்னும் அளவையே இருக்கிறது. 24 குண்டுகள், 120 புள்ளிகள் கொண்ட ஒரு ஸ்டேஜில் ஒருவர் 108 புள்ளிகளை 18 நொடியில் எடுத்தால் ஹிட் ஃபேக்டர் 6.00. இன்னொருவர் நிதானமாக 114 புள்ளிகளை 20 நொடியில் எடுத்தால் 5.70. இரண்டாமவர் முதலாமவரின் 95 விழுக்காட்டில் இருக்கிறார். எலோவின் கண்ணுக்கு அவர் வெறுமனே தோற்றவர். 5 விழுக்காட்டில் தோற்றாலும் 50 விழுக்காட்டில் தோற்றாலும் அதற்கு வேறுபாடு கிடையாது. கிடைத்த தகவலில் பெரும்பகுதியைக் குப்பையில் போட்டுவிட்டு மீதியை வைத்துப் பட்டியல் போடுகிறோம்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஒவ்வொரு ஹிட் ஃபேக்டருக்கும் மடக்கை (லாகரிதம்) எடுங்கள். அந்த எண்ணைச் சுடுபவரின் திறன், ஸ்டேஜின் எளிமை, அன்றைய ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றின் கூட்டலாகக் கருதுங்கள். முதலில் ஒவ்வொரு ஸ்டேஜின் சராசரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒவ்வொருவரின் சராசரியைக் காணுங்கள். அதைத் திறன் என்று வைத்துக்கொண்டு, அந்தத் திறன்களைக் கழித்த பின் ஸ்டேஜ் சராசரியை மறுபடி காணுங்கள். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இப்படியே மாறிமாறிச் செய்யலாம். வல்லவர்கள் மட்டும் வந்த நாளில் ஸ்டேஜ் எளிதாக இருந்ததுபோல் தோன்றும் மயக்கம் இதில் தானாகவே நீங்கும். ஆனால் ஒன்று: பாலம் இல்லாத இரண்டு குழுக்களை இந்த முறையாலும் ஒப்பிட முடியாது. பாலம் எத்தனை வலுவானதோ அத்தனைக்குத்தான் பட்டியலை நம்பலாம்.

பதில் 3: பர்கூர் வாசகன்

ஆசிரியர் சொன்ன பாலத்தை வலுப்படுத்த இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் பக்கத்து எருது விடும் விழாக்களில் ஒரே ஊரில் ஓடாத இரண்டு காளைகளைப் பற்றியும் திண்ணையில் வாக்குவாதம் நடக்கும். ஓடிய நேரம் கையில் இருப்பதால்தான் அந்த வாக்குவாதமே சாத்தியமாகிறது. ஆனால் ஓர் ஊர்த் தெரு சரிவாக இருக்கும், இன்னோர் ஊரில் மண் இறுகிக் கிடக்கும். அதனால் நேரத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடிவதில்லை. தெருவைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. ஒரு ஸ்டேஜை எடுத்துச் செல்ல முடியும். ஒரே வரைபடத்தின்படி, ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் அட்டைகளை நட்டு, மாதந்தோறும் இரு ஊரிலும் ஒரு பொது ஸ்டேஜை வையுங்கள்.

அமெரிக்காவில் 1984-இல் ஏற்பட்ட யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு செய்வது இதுவே. சுடுபவர்களைத் தரம் பிரிப்பதற்கென்று நிலையான வரைபடம் கொண்ட கிளாசிஃபையர் ஸ்டேஜ்களை எந்தக் கிளப்பும் அமைக்கலாம். அந்த ஸ்டேஜுக்கென்று வைத்திருக்கும் உச்ச ஹிட் ஃபேக்டரோடு ஒப்பிட்டு ஒவ்வொருவருக்கும் விழுக்காடு தருவார்கள். அண்மைய எட்டில் சிறந்த ஆறின் சராசரி 95-ஐத் தொட்டால் கிராண்ட் மாஸ்டர், 85-இலிருந்து மாஸ்டர், 75-இலிருந்து ஏ, 60-இலிருந்து பி, 40-இலிருந்து சி, அதற்குக் கீழே டி.

இதற்கும் குறை உண்டு. வரைபடம் முன்கூட்டியே தெரிந்த ஸ்டேஜ் என்பதால் அதை மட்டும் வீட்டில் நூறு முறை பழகி வருபவர்கள் இருக்கிறார்கள். பரிசுக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுட்டுக் கீழ்ப்பிரிவிலேயே தங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். மேலும், சிறந்ததை எடுத்து மோசமானதை விட்டுவிடும் சராசரி, துணிந்து விளையாடித் தோற்பவருக்குத் தண்டனை தருவதில்லை. மேட்சிலோ ஒரு ஸ்டேஜ் கவிழ்ந்தால் நாளே கவிழ்ந்துவிடும். ஆகவே பொது ஸ்டேஜைப் பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையே முழுத் தரமாக்கிவிடாதீர்கள்.

பதில் 4: ஓசூர் டைமர்

கேட்ட கேள்விக்கு நானே விடை சொல்ல வேண்டும். தகுதி நீக்கத்தைக் கடைசி இடமாகப் பதிவது தவறு. துப்பாக்கி முனை பாதுகாப்பு எல்லையைத் தாண்டியதற்காக ஒருவரை வெளியேற்றுகிறோம். அன்று அவர் எவ்வளவு வேகமாகவும் துல்லியமாகவும் சுடக்கூடியவர் என்பதைப் பற்றி அந்த முடிவு எதையும் சொல்வதில்லை. மேட்ச் முடிவில் அவருக்குச் சுழியம் கொடுங்கள், ரேட்டிங் கணக்கில் அவருடைய வரியையே நீக்கிவிடுங்கள்.

ஸ்டேஜ் சுழியங்களையும் காரணம் பார்த்துப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் சுழியத்துக்கு மடக்கை கிடையாது. எக்செல் பிழை காட்டும். துப்பாக்கி மக்கர் செய்த சுழியத்தை விட்டுவிடலாம். குறி தவறித் தவறிக் கழிவுப் புள்ளிகளால் வந்த சுழியம் திறனைப் பற்றியதே. அதற்கு அந்த ஸ்டேஜில் முதலிடம் பெற்றவரின் பத்தில் ஒரு பங்கு என்பதுபோல் ஓர் அடிமட்டம் வைத்துக்கொள்ளுங்கள். எது எந்தச் சுழியம் என்பதை அன்றே புள்ளித்தாளில் எழுதாவிட்டால் அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

பதில் 5: பென்னாகரம் பழைய சுடுநர்

முன்னவரோடு நான் உடன்படவில்லை. பாதுகாப்பாகக் கையாள்வதும் திறனின் ஒரு பகுதிதான்; வேகத்துக்கு ஆசைப்பட்டு எல்லை மீறியவரை எதுவுமே நடக்காததுபோல் விட்டுவிட்டால், எல்லைக்குள் நின்றதால் மெதுவானவருக்குத்தான் அநீதி. துப்பாக்கியைப் பராமரிக்காமல் வருபவரின் மக்கரும் அப்படியே.

பாலக்கோட்டுப் புள்ளியியல் ஆசிரியர்

ஐயா சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் ஒரே எண்ணுக்குள் இரண்டு செய்திகளைத் திணித்தால் இரண்டுமே படிக்க முடியாமல் போகும். தகுதி நீக்கங்களின் எண்ணிக்கையை ரேட்டிங்குக்குப் பக்கத்தில் தனி நெடுவரிசையாகப் போட்டுவிடலாம், பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

தம்பிக்கு இன்னொரு குறிப்பு: யாரெல்லாம் எத்தனை ஸ்டேஜ் சுட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். எலோவின் பெரிய குறை, நூறு ஆட்டம் ஆடியவரின் 1600-ம் நான்கு ஆட்டம் ஆடியவரின் 1600-ம் ஒன்றுபோல் தோன்றுவது. மார்க் கிளிக்மன் 1995-இல் அமைத்த கிளிக்கோ முறை இதற்காகவே ஒவ்வொருவருக்கும் ரேட்டிங்கோடு ஓர் ஐய அளவையும் சேர்த்தது. புதியவருக்கு அது 350-இல் தொடங்கும்; ஆட ஆடக் குறையும்; ஆடாமல் இருந்தால் மறுபடி ஏறும். மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையும் இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். ஒரே ஆட்டத்தில் பலர் மோதுவதையும் அது நேரடியாகக் கையாளும். உங்கள் 19 பேருக்கு அத்தனை தேவையில்லை. ஒரு நெடுவரிசை போதும்.

காவேரிப்பட்டணத்துக்காரன் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நட்பு மேட்சைச் சேர்த்து, மடக்கை முறையில் முழுவதையும் மறுபடி கணக்கிட்டேன். ஏழெட்டுச் சுற்றுகளில் எண்கள் அசையாமல் நின்றுவிட்டன. கிருஷ்ணகிரியில் முதலிடம் பெறுபவரை 100 என்று வைத்தால், மக்கரால் சரிந்தவர் 93-லும் தருமபுரி இளைஞர் 81-லும் வருகிறார்கள். அவரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவரோ, "நான் பத்தாவதாக வந்த அன்றே எனக்குத் தெரியும், உங்கள் பட்டியலுக்குத்தான் இத்தனை மாதங்களாகத் தெரியவில்லை" என்றார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொது ஸ்டேஜை இரு ஊரிலும் வைத்தோம். அதில் ஒரு புதிய குழப்பம்: கிருஷ்ணகிரியில் எல்லோருடைய நேரமும் ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. நாங்கள் சுடும் இடம் மாம்பழக் காலம் தவிர மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும் தகரக் கூரைக் கிடங்கு.

ஓசூர் டைமர்

எதிரொலியாக இருக்கலாம். காற்றுத் துப்பாக்கியின் ஓசை மெல்லியது என்பதால் குண்டோசையைக் கேட்டு நேரம் பதியும் டைமரின் கேட்புத்திறனை உயர்த்தி வைத்திருப்பீர்கள்; தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியையோ, கடைசித் தகடு விழுந்து உருளும் ஓசையையோ அது இறுதிக் குண்டாக எண்ணியிருக்கும். ஒருவரை ஒரே ஒரு குண்டு சுடச் சொல்லி, டைமர் எத்தனை குண்டு காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு காட்டினால் கேட்புத்திறனை ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒன்று மட்டும் பதிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை சென்ற ஞாயிற்றுக்கிழமை நேரங்களைப் பாலமாகப் பயன்படுத்த வேண்டாம்.

காவேரிப்பட்டணத்துக்காரன்

இரண்டு காட்டியது, அண்ணா. மூன்று படி குறைத்த பிறகு ஒன்றாகிவிட்டது. பொது ஸ்டேஜை வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைக்கிறோம். இம்முறை அதே டைமரையே பிற்பகலில் தருமபுரிக்கும் எடுத்துச் செல்கிறேன்.