புது கார்டு வந்தால் எதை வெளியே எடுப்பீர்கள்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். புது செட் (ஒன்றாக வெளியாகும் கார்டுகளின் தொகுப்பு) வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இந்தக் கார்டு போட்டியில் தாங்குமா, தாங்காதா? நீங்கள் எந்தக் கார்டைத் தப்பாகக் கணித்தீர்கள், எதைச் சரியாகப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012 மே. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அவாசின் ரெஸ்டோர்ட் செட் வெளியானது. அதில் டிபால்ட், த ஃபீண்ட்-பிளடட் என்று ஒரு பிளேன்ஸ்வாக்கர்: களத்தில் நின்று ஒவ்வொரு டர்னும், அதாவது நம் ஒவ்வொரு முறையும், ஒரு திறமையைத் தரும் கார்டு. அதற்கு முன் வந்த பிளேன்ஸ்வாக்கர் எதுவுமே மூன்று மானாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை) குறைந்து இறங்கியதில்லை. இது இரண்டே மானா. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் கார்டின் மற்ற வரிகள் என் மனதில் ஏறவே இல்லை. நான்கு கார்டையும் முன்பணம் கட்டி வாங்கினேன். விலை அதிகம், மாதக் கடைசி வேறு.

அந்த வெள்ளிக்கிழமை இரவுப் போட்டிக்கு என் சிவப்பு டெக்கில் (ஆடும் கார்டுக் கட்டு) இதைச் சேர்க்க ஸ்ட்ரோம்கிர்க் நோபிள் என்ற கிரீச்சர் (சண்டை போடும் கார்டு) நான்கையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் எதிரே டெல்வர் என்ற கிரீச்சரை நம்பிய டெக். அவர் முதல் டர்னில் டெல்வர் இறக்கினார். நான் இரண்டாவது டர்னில் டிபால்டை இறக்கி, லாயல்டியை (அதன் உயிர் எண்) ஒன்று ஏற்றும் ப்ளஸ் ஒன்று திறமையைப் பயன்படுத்தினேன். ஒரு கார்டு எடுக்க வேண்டும், பிறகு கையிலிருந்து ஒரு கார்டைக் குலுக்கல் முறையில் போட வேண்டும். போனது எனக்கு அடுத்த டர்னுக்குத் தேவையான லேண்ட், மானா தரும் கார்டு. டிபால்டின் லாயல்டி மூன்றானது. அதற்குள் மறுபக்கம் திரும்பிவிட்டிருந்த டெல்வர் 3/2 (அடிக்கும் பலம் மூன்று, தாங்கும் பலம் இரண்டு) பறக்கும் பூச்சியாக வந்து அந்த மூன்றையும் ஒரே அடியில் தீர்த்தது. இரண்டு மானாவும் ஒரு டர்னும் செலவழித்ததற்கு எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன உயிர்க் காப்பு மட்டும்தான்.

அதே செட்டில் பில்லர் ஆஃப் ஃபிளேம் என்று ஒரு காமன் (எளிதில் கிடைக்கும் வகை) கார்டு இருந்தது. ஒரு மானா, இரண்டு டேமேஜ். அதில் சாகும் கிரீச்சர் கிரேவ்யார்டுக்கு (செத்த, பயன்படுத்திய கார்டுகள் சேரும் இடம்) போகாமல் எக்ஸைல் ஆகிவிடும், அதாவது ஆட்டத்தை விட்டே விலகிவிடும். பூஸ்டர் பாக்கெட்டில் வந்தபோது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதைய ஸ்டாண்டர்டில் (புதிய செட்டுகள் மட்டும் செல்லும் ஆட்ட வகை) செத்தாலும் திரும்பி வரும் ஜாம்பிகள் ஆடிக்கொண்டிருந்தன: கிரேவ்கிராலர், ஜெரால்ஃப்ஸ் மெஸெஞ்சர். பில்லர் அவற்றைத் திரும்பி வரவிடாது. மறுபக்கம் திரும்பிய டெல்வரையும் கொல்லும். களத்தில் இருந்த இரண்டு பெரிய தொல்லைகளுக்கும் ஒரே மருந்து. நான் பணத்தைக் கொட்டியது டிபால்டில். எனக்குத் தேவைப்பட்ட கார்டோ காமன் கட்டில் கிடந்தது.

அன்றிலிருந்து, புது கார்டைப் பார்த்தால் ‘இது நல்ல கார்டா’ என்று நான் கேட்பதில்லை. என் 60 கார்டுகளில் எதை எடுத்துவிட்டு இதை வைப்பேன், எடுத்த கார்டு செய்த வேலையை இனி எது செய்யும் என்றுதான் கேட்கிறேன். ஸ்ட்ரோம்கிர்க் நோபிளை எடுத்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் டிபால்ட் என் டெக்குக்குள் வந்திருக்காது.

*

அண்ணா, உங்கள் கதைக்கு நேர் எதிரானது என்னுடையது. நீங்கள் மானா குறைவு என்று வாங்கினீர்கள், நான் மானா அதிகம் என்று தள்ளிவிட்டேன்.

2014 செப்டம்பரில் கான்ஸ் ஆஃப் தார்கிர் வந்தது. ட்ரெஷர் க்ரூஸ்: எட்டு மானா, மூன்று கார்டு எடுக்கலாம். எட்டு மானாவா என்று கையில் வந்ததைக்கூட அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். அதில் டெல்வ் இருப்பது தெரியும். கிரேவ்யார்டில் உள்ள ஒவ்வொரு கார்டையும் எக்ஸைல் செய்தால் ஒரு மானா குறையும். ஆனால் நான் ஆடியது ஸ்டாண்டர்ட். அங்கே கிரேவ்யார்ட் மெதுவாகத்தான் நிறையும். அந்த அளவுகோலை வைத்தே எல்லா இடத்துக்கும் தீர்ப்புச் சொன்னேன்.

என் அறை நண்பன் மாடர்ன் (பழைய செட்டுகளும் செல்லும் ஆட்ட வகை) ஆடுகிறவன். அங்கே ஃபெட்ச் லேண்ட் (வேறொரு லேண்டைத் தேடித் தருவது) உடைந்து கிரேவ்யார்டுக்குப் போகும், ஒரு மானா மந்திரங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும், தாட் ஸ்கவர் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கார்டு கூடும். நான்காவது டர்னில் அவன் ஏழு கார்டை எக்ஸைல் செய்து ஒரே ஒரு நீல மானா தட்டி மூன்று கார்டு எடுத்தான். 1993இல் வந்த ஆன்செஸ்ட்ரல் ரீகால் செய்யும் வேலை அதுதான்: ஒரு மானாவுக்கு மூன்று கார்டு. கார்டின் மூலையில் எட்டு என்று அச்சிட்டிருந்தாலும் அவன் கொடுத்த விலை ஒன்று. 2015 ஜனவரியில் மாடர்னில் அதைத் தடை செய்தார்கள். நான் குறை சொல்லிக்கொண்டிருந்த கார்டுக்கு ஆயுள் நான்கு மாதம்தான், காரணம் அதன் பலம்.

அதனால் உங்கள் கேள்விக்கு முன்னால் நான் இன்னொன்று சேர்த்துக்கொள்கிறேன்: எந்த ஃபார்மட்டுக்கு, அதாவது எந்த ஆட்ட வகைக்கு? அதைச் சொல்லாமல் யாராவது கார்டுக்கு மதிப்பெண் போட்டால் நான் காதில் வாங்குவதில்லை.

*

நான் கோயம்புத்தூர். பக்கத்தில் ஆடக் கடை இல்லாததால், மேஜிக்கைக் கணினியில் ஆடும் அரினாவில்தான் ஆட்டம். அங்கே பணத்தைவிட, வேண்டிய கார்டாக மாற்றிக்கொள்ளும் வைல்ட்கார்டுதான் அரிது. மித்திக் (மிக அரிய வகை) வைல்ட்கார்டு நான்கு சேர மாதக்கணக்கில் ஆகும். தப்பான கார்டில் கரைத்துவிட்டால் அடுத்த செட் வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே நான் ஒவ்வொரு வரியையும் படிக்கிறவன். அப்படியும் ஓக்கோவில் சறுக்கினேன்.

2019 அக்டோபர், த்ரோன் ஆஃப் எல்ட்ரெயின். ஓக்கோ, தீஃப் ஆஃப் க்ரௌன்ஸ். பெயரிலேயே திருடன் இருக்கிறான். மைனஸ் ஐந்து போட்டால் எதிரியின் சிறிய கிரீச்சரை நம்முடையதோடு மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் கார்டின் உயிர் என்று எடுத்துக்கொண்டு, ‘அவ்வளவு லாயல்டி செலவழித்து இவ்வளவுதானா’ என்று ஒதுக்கினேன். நடுவில் இருந்த ப்ளஸ் ஒன்றைப் படித்தேன், கணக்குப் போடவில்லை. ஏதாவது ஒரு ஆர்ட்டிஃபாக்ட் அல்லது கிரீச்சர் தன் திறமை எல்லாம் இழந்து 3/3 மான் ஆகிவிடும். எதிரியின் மிகப் பெரிய கிரீச்சர்மீது போட்டால் அது சாதாரண மான். ஓக்கோவே ப்ளஸ் இரண்டில் தரும் ஃபுட் என்ற ஆர்ட்டிஃபாக்ட் மீது போட்டால் எனக்கு ஒரு மான். இரண்டு முறையும் லாயல்டி ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை.

முதல் டர்னில் மானா தரும் கில்டட் கூஸ் இறங்கினால் இரண்டாவது டர்னிலேயே ஓக்கோ வந்துவிடும். நான்கில் இறங்கி ப்ளஸ் இரண்டு போட்டு ஆறு, கூடவே ஒரு ஃபுட். அடுத்த டர்ன் அந்த ஃபுட் 3/3 ஆகிறது, லாயல்டி ஏழு. மூன்றாவது டர்னில் ஏழு லாயல்டியை அடித்து இறக்க யாரிடம் என்ன இருக்கிறது? நான் ஆசைப்பட்டுச் சேர்த்த பெரிய கிரீச்சர்கள் எல்லாம் தினமும் மானாக மாறி நின்றன. நவம்பரில் ஸ்டாண்டர்டில் தடை வந்தது. வைத்திருந்தவர்களுக்கு வைல்ட்கார்டும் திரும்பக் கிடைத்தது.

இப்போது பிளேன்ஸ்வாக்கர் என்றால் கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறேன். மேலே உள்ளதை மட்டும் ஐந்து டர்ன் தொடர்ந்து செய்தால் ஆட்டம் எங்கே போய் நிற்கும் என்று தாளில் எழுதிப் பார்க்கிறேன். டிபால்டுக்கு எழுதிப் பாருங்கள், ஓக்கோவுக்கு எழுதிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கு நேரே தெரியும்.

*

நான் உங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவன், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 1995இல் ஐஸ் ஏஜ் வந்தபோது கல்லூரியில் ஆடினோம். நெக்ரோபொடென்ஸ் என்ற கார்டை எங்கள் கூட்டத்தில் யாரும் சீண்டவில்லை. மூன்று கறுப்பு மானா; இனி நீ வழக்கம்போல் கார்டு எடுக்க முடியாது; ஒரு உயிருக்கு ஒரு கார்டு வாங்கிக்கொள். கார்டு எடுக்கும் உரிமையை விடுவதா, உயிரைக் கொடுப்பதா என்று பயந்தோம். அடுத்த வருடம் அந்தக் கார்டுதான் போட்டிகளை ஆண்டது. 20 உயிரில் கடைசி ஒன்று போனால்தான் தோல்வி, மற்ற 19 செலவழிக்கத்தான் என்பது எனக்கு அன்று புரிந்தது.

புரிந்தும் 2010இல் டெத்ஸ் ஷேடோவைத் தவறவிட்டேன். ஒரு கறுப்பு மானாவுக்கு 13/13, ஆனால் நம் உயிர் எவ்வளவோ அவ்வளவு குறையும். 20 உயிரில் இறக்கினால் அப்போதே சாகும். மாடர்னில் ஃபெட்ச் லேண்ட் உடைத்து ஷாக் லேண்ட் (உயிர் கொடுத்தால் உடனே பயன்படும் லேண்ட்) எடுத்தால் மூன்று உயிர் போகும். தாட்சீஸ் கார்டுக்கு இரண்டு, ஸ்ட்ரீட் ரெய்த் கார்டுக்கு இரண்டு. ஐந்து உயிரில் நின்றால் ஒரு மானாவுக்கு 8/8. 2017இல் அது மாடர்னின் முன்னணி டெக்குகளில் ஒன்று. ஏழு வருடம் என் பெட்டியில் இருந்த கார்டு, தம்பி. அதன் எழுத்து ஒன்றும் மாறவில்லை, சுற்றி இருந்த கார்டுகள் மாறின.

*

இதைத் தொடங்கியவன்தான் மறுபடியும். எல்லோருக்கும் நன்றி, ஐயாவுக்குத் தனியாக. புது கார்டை எப்படிச் சோதிக்கிறேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் கார்டின் பெயரையும் மானாவையும் எழுதி, ஸ்லீவில் (கார்டு உறை) ஒரு லேண்டின் மேல் செருகி வீட்டில் பத்து ஆட்டம் ஆடுகிறேன். நான்கு கார்டு வைத்தாலும் முதல் ஏழில் ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 40 சதவீதம்தான். எனவே ‘இரண்டாவது டர்னில் இது வந்தால்’ என்ற கனவு பாதி ஆட்டத்தில்கூட நடக்காது. கை காலியாக, எதிரி மேலோங்கி நிற்கும்போது மேலிருந்து அந்தக் கார்டு வந்தால் எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். இறங்கியவுடன் எதிரி ஒரு மானாவில் அதைக் கொன்றால் எனக்கு என்ன மிஞ்சுகிறது என்றும் பார்ப்பேன். மல்ட்ரிஃப்டர் கிரீச்சர் செத்தாலும், அது இறங்கியபோது எடுத்த இரண்டு கார்டு கையில் இருக்கும். பேன்ஸ்லேயர் ஏஞ்சல் செத்தால் ஐந்து மானா வீண், ஆனால் ஒரு டர்ன் பிழைத்தால் ஆட்டமே அதனுடையது. இரண்டும் போட்டியில் ஆடிய கார்டுகள்தான். களத்தில் கொல்லும் மந்திரம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எது வேண்டும் என்பது மாறும்.

*

ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் 15 கார்டுகளான சைட்போர்டை யாரும் தொடவில்லையே? கிரேவ்யார்டை முடக்கும் ரெஸ்ட் இன் பீஸ் கார்டை முதலில் 60க்குள் வைத்து இரண்டு போட்டி தோற்றேன். கிரேவ்யார்டைத் தொடாமல் நேரடி டேமேஜ் மந்திரங்களை நம்பும் பர்ன் டெக்குக்கு எதிரே அது கையில் வெறும் அட்டை. குப்பை என்று முடிவு கட்டி விற்கப் போனேன். கடையில் ஆடிக்கொண்டிருந்த ஓர் அக்கா தடுத்து, ‘அதை 15க்குள் வை’ என்றார். அடுத்த வாரம் கிரேவ்யார்டை நம்பிய டெக் எதிரே வந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் மூன்றாவதிலும் இரண்டே மானாவில் அவர் திட்டம் முழுவதும் நின்றுபோனது. இன்றைக்கும் என் 15இல் இரண்டு ரெஸ்ட் இன் பீஸ் இருக்கிறது.