காலாண்டு விடுமுறையில் மால்டா: முதல் முறை ஸ்கூபா இறங்க வழி சொல்லுங்கள்

பாளை ஆசிரியை:

வணக்கம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு காலாண்டு விடுமுறையோடு விடுப்பில் சில நாட்களைச் சேர்த்துக்கொண்டு மால்டாவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், 13 வயது மகள், மாமியார் என நான்கு பேர்.

கடலுக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. மகளும் வருகிறேன் என்கிறாள். கணவர் தண்ணீர்ப் பக்கமே வரமாட்டார். பழைய கோட்டை, கோயில் என்றால் சோறு தண்ணீர் மறந்து நடப்பார். மாமியாருக்கு முழங்கால் வலி, அத்துடன் சுத்த சைவம்.

நான் குறுக்குத்துறையில் நீச்சல் கற்றவள். முங்கு நீச்சல் நன்றாக வரும், மூச்சடக்கி வெகுதூரம் போவேன். அதனால் சிலிண்டர் காற்றோடு மூழ்கும் ஸ்கூபாவுக்குத் தனியாகப் பெரிய பயிற்சி வேண்டுமா, அங்கே போய் ஒரே நாளில் கற்றுக்கொண்டால் போதாதா? மால்டாவிலேயே தங்குவதா, பக்கத்தில் உள்ள கோசோ தீவிலா? மூழ்கிய கப்பல்கள் நிறைய இருப்பதாகப் படித்தேன், அவற்றையும் பார்க்கவேண்டும். விசாவுக்கு எத்தனை மாதம் முன்னால் ஓடவேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவி.

உவரிக்காரன்:

தங்கச்சி, ஊரைப் பற்றி அப்புறம் பேசலாம். மூச்சடக்குவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசவேண்டும்.

நான் உவரி. கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவன். கப்பல் பழுதுபார்க்க மால்டாத் துறைமுகத்தில் நின்றபோது அந்தத் தீவு பழகியது. சிலிண்டர் கட்டி இறங்கக் கற்றதும் அங்கேதான். என் அப்பா தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளித்தவர். கல்லைப் பிடித்துக்கொண்டு பல பாகம் இறங்கி, ஒரே மூச்சில் மணலைத் துழாவிவிட்டு மேலே வருவார். அந்தத் தொழிலில் மூச்சை அடக்கத் தெரிந்தவன்தான் ஆள். ஆற்றில் முங்கிப் பழகிய பிள்ளைகளுக்கும் உடம்பில் ஊறியிருப்பது அதுதான். சிலிண்டர் கட்டியவருக்கு அதே பழக்கம் உயிரை எடுத்துவிடும்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. சிலிண்டரிலிருந்து நீங்கள் இழுக்கும் காற்றும் அந்த அழுத்தத்தில்தான் நெஞ்சில் நிறைகிறது. அதை வெளியே விடாமல் மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துபோகும். அப்பா கொண்டு இறங்கியது கரையில் இழுத்த காற்று. கீழே சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரிய அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு அப்படி இல்லை. காற்று தரும் வாய்க்கருவியான ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிட்டால்கூட, திரும்ப மாட்டும்வரை குமிழி குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பயிற்சியாளர் முதல் நாளே இதைச் சொல்வார். நாமும் தலையாட்டுவோம். பதற்றம் வரும் நேரத்தில் உடம்பு பழைய பாடத்துக்குத்தான் ஓடும். ஆற்றில் பழகியவர் என்பதால்தான் உங்களுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்கிறேன். மகளிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

ஆகையால் ஒரே நாள் அறிமுக இறக்கத்தோடு திருப்திப்பட வேண்டாம். முதல்நிலைச் சான்றிதழுக்கான ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியின் பாடத்தையும் நீச்சல்குளப் பகுதியையும் இந்தியாவிலேயே முடித்துவிடுங்கள். சென்னை, புதுச்சேரியில் கற்றுத்தருகிறார்கள். முடித்ததற்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அதைக் காட்டினால் கடலில் இறங்கவேண்டிய நான்கு இறக்கங்களை மட்டும் கோசோவில் முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். விடுமுறை நாட்கள் வகுப்பறையில் கழியாது. இன்னொன்று, மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயநோய் போன்ற கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள். அங்கே போய் மருத்துவரைத் தேடி அலைவதைவிட பாளை ஹைகிரவுண்டில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. சளி இருந்தால் இறங்கவே கூடாது. காதுக்குள் அழுத்தம் சமமாகாது.

தங்குவதற்குக் கோசோ. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே பெரும்பாலும் கரையிலிருந்தே இறங்கலாம், படகுக்குக் காத்திருக்க வேண்டாம். மேற்குக் கரையில் துவெய்ரா என்ற இடம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் கிணறு போல ஒரு பள்ளம், ‘புளூ ஹோல்’ என்பார்கள். அதற்குள் இறங்கினால் ஏறக்குறைய எட்டு மீட்டரில் பாறை வளைவு ஒன்று திறந்திருக்கும், அதன் வழியாக வெளிக்கடல். அந்த வாசலில் நின்று பார்க்கும்போது எதிரே தெரியும் நீலத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் 30 மீட்டர் தூரம்கூடப் பார்வை போகும். அங்கே ‘அசூர் விண்டோ’ என்று பேர்பெற்ற பெரிய பாறை வளைவு நின்றது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. விழுந்த பாறைகள் கடலுக்கடியில் குவிந்து கிடக்கின்றன. இப்போது அவற்றைப் பார்க்கவே ஆட்கள் இறங்குகிறார்கள்.

காற்றைப் பார்த்துத்தான் இடம் முடிவாகும். அங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. அது கிளம்பினால் துவெய்ராவில் இறங்கமுடியாது. அன்றைக்குத் தெற்குக் கரையில் மஜார் இஷ் ஷினி போன்ற ஒடுங்கிய குடாவுக்குப் போவார்கள். துவெய்ராவுக்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, அன்று காற்று அடித்தால் மனம் உடைந்துவிடும். இரண்டு மூன்று நாள் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல்களுக்கு வருகிறேன். எல்லாரும் சொல்வது ‘உம் எல் ஃபரூத்’ என்ற லிபிய எண்ணெய்க் கப்பலை. அது 36 மீட்டர் அடியில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். 1995-இல் மால்டாவின் பழுதுபார்க்கும் துறையில் நின்றபோது அதில் வெடிவிபத்து ஏற்பட்டு ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். 1998-இல் அதைக் கடலில் மூழ்கடித்தார்கள். எஞ்சின் அறையில் வாழ்ந்தவன் நான். அந்தக் கப்பலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த ஒன்பது பேரையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. உங்களுக்கு ஏற்றது வல்லெட்டா நகரின் ஓரத்தில், சுமார் 15 மீட்டரில் கிடக்கும் ‘மாவோரி’. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘பிஸ்மார்க்’ வேட்டையில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1942-இல் குண்டுவீச்சில் மூழ்கியது. இரும்பு பாதி மணலுக்குள் போய்விட்டது, உள்ளே கணவாயும் சிறு மீன்களும் குடியிருக்கின்றன. முதல் கப்பலாக அது போதும்.

வள்ளியூர் செவிலி:

அக்கா, நான் வள்ளியூர். மால்டாவில் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். அண்ணாச்சி தண்ணீருக்குள் உள்ளதை எழுதிவிட்டார். நான் கரையில் உள்ளதைச் சொல்கிறேன்.

பயணத்தில் கோசோவை முதலிலும் மால்டாவைக் கடைசியிலும் வையுங்கள். பல நாள் தொடர்ந்து இறங்கியவர் கடைசி இறக்கத்துக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். ஒரு முழுநாளுக்கு மேல் இடைவெளி விட்டால் இன்னும் நிம்மதி. அந்த நாளைக் கணவருக்குக் கொடுத்துவிடுங்கள். இறங்கியபின் மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் களைப்பு என்று படுத்துவிடாமல் 112-ஐ அழையுங்கள். அதற்கான அழுத்த அறைச் சிகிச்சை மாத்தர் தே மருத்துவமனையில் இருக்கிறது. காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபாவுக்கும் பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீட்டில் அது தானாகச் சேர்ந்துவிடாது.

விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. 12 வயது கடந்துவிட்டதால் மகளுக்கும் அதே கட்டணம்தான். கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் வெளிநாடு செல்லப் பள்ளியிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கவேண்டியிருக்கும், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

மாமா பழைய கோயில் பிரியர் என்றால் ஹால் சஃப்லியேனி பாதாளக் கல்லறைக்கு இன்றைக்கே நினைப்பு வையுங்கள். பாறைக்குள் மூன்று அடுக்காகக் குடைந்தது, ஐயாயிரம் ஆண்டுப் பழமை. ஒரு நாளைக்கு 80 பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். விசா கிடைத்த அன்றே இதையும் எடுத்துவிடவேண்டும். கோசோவில் ஜகந்தியா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தியவை. வல்லெட்டாவில் தூய யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த, யோவானின் தலையை வெட்டும் ஓவியம் இருக்கிறது. அதற்கு முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது.

அம்மாவின் முழங்காலுக்கு வல்லெட்டாத் தெருக்கள் கடினம், படியும் சரிவுமாக இருக்கும். துறைமுகத்திலிருந்து மேலே பரக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் உண்டு. அதில் ஏற்றி மேலே உட்காரவைத்துவிடுங்கள். நண்பகலில் பீரங்கி வெடிப்பதையும் பெரிய துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோசோவுக்குப் படகு மால்டாவின் சிர்கெவ்வா துறையிலிருந்து, சுமார் 25 நிமிடம். கட்டணம் திரும்பும்போது மட்டும்தான், போகும்போது கேட்கமாட்டார்கள்.

உவரி அண்ணாச்சிக்கு ஒன்று சொல்லவேண்டும். பவுல் அடிகள் கப்பல் உடைந்து கரையேறியது இந்தத் தீவில்தான். அந்தத் திருவிழா வல்லெட்டாவில் பிப்ரவரி 10 அன்று நடக்கிறது. இங்கே அன்றைக்குத் தெருவில் நிற்கும்போது உவரியில் உள்ள நம் கப்பல் மாதா கோயில் நினைவு வராமல் போவதில்லை.

தென்காசி வாசகன்:

மாற்றுக் கருத்து ஒன்று. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் இறங்கியிருக்கிறேன், மத்தியதரைக் கடலிலும் இறங்கியிருக்கிறேன். மீனும் பவளமும் பார்க்க ஆசைப்பட்டால் மால்டா கைகொடுக்காது. பாறை, கடற்புல், அங்கங்கே சில மீன்கள், அவ்வளவுதான். அந்தமானில் ஒரே இறக்கத்தில் காணும் நிறங்களை அங்கே ஒரு வாரம் தேடினாலும் காணமுடியாது. விசாவும் தேவையில்லை. இத்தனை செலவு செய்வதற்குமுன் ஆசிரியை இதையும் யோசிக்கவேண்டும்.

உவரிக்காரன்:

நண்பர் சொல்வது உண்மை. மீனுக்காகப் போவதென்றால் அந்தமானுக்கே போங்கள். நம் மன்னார் வளைகுடாவில் உள்ள பவளம்கூட மால்டாவில் கிடையாது.

ஆனால் மீன் குறைவதற்கும் தண்ணீர் தெளிவதற்கும் காரணம் ஒன்றுதான். மால்டாவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லை. வண்டலும் சத்தும் கடலுக்குள் வந்து சேராது. தாமிரபரணி புன்னைக்காயலில் கலப்பதுபோல அங்கே எதுவும் கலப்பதில்லை. அதனால் மீனுக்கு இரை குறைவு, பார்வைக்குத் தடையும் குறைவு. குகைக்குள் மேலிருந்து இறங்கும் வெளிச்சம், பாறைச் சுவர், கப்பல், இவற்றுக்காகத்தான் அங்கே போகிறோம். தரையேறினால் கணவருக்கு ஐயாயிரம் ஆண்டு வரலாறு காத்திருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இரண்டு பேர் தண்ணீருக்கு வராதவர்கள் என்பதை நினைத்துத்தான் மால்டாவைச் சரி என்கிறேன்.

செப்டம்பர் இறுதியில் தண்ணீர் 25 டிகிரி அளவில் இருக்கும். அது நம் உடம்புக்குக் குளிர்தான். குளிர் தாங்கும் முழுக்கை வெட்சூட் உடை கேட்டு வாங்குங்கள். உப்பும் நம் கடலைவிட அதிகம், உடம்பு மேலே மிதக்கும். ஈயக்கட்டி கூடுதலாகக் கட்டுவார்கள், பயப்படவேண்டாம்.

பாளை ஆசிரியை:

அண்ணாச்சிக்கும் தங்கச்சிக்கும் தென்காசி நண்பருக்கும் நன்றி. மூச்சு விஷயத்தை மகளோடு உட்கார்ந்து படித்தோம். அவள் இப்போது ‘ஆ’ என்று காற்று விட்டுக்கொண்டே வீடெல்லாம் நடக்கிறாள். கோசோ என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு சந்தேகங்கள். எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. கீழே என்ன செய்வது? மகளையும் 18 மீட்டர் வரை விடுவார்களா? மாமியாரின் சாப்பாட்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

உவரிக்காரன்:

பவர் கண்ணாடி பதித்த முகமூடி உண்டு. முன்பே எழுதிக் கேட்டால் ஸ்கூபா மையத்திலேயே வாடகைக்கு எடுத்துவைப்பார்கள்; கண் மருத்துவர் கொடுத்த எண்ணை அனுப்புங்கள். மகளுக்கு இளையோர் சான்றிதழ் கிடைக்கும், 18 மீட்டர் வரை போகலாம். ஆனால் 15 வயதாகும்வரை சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவர் உடன் இறங்கவேண்டும். நீங்கள் இருவருமே புதியவர்கள். சான்றிதழ் வந்த பிறகும் இந்தப் பயணம் முழுவதும் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள்.

வள்ளியூர் செவிலி:

அக்கா, கோசோவில் சமையலறையோடு வீடு வாடகைக்குக் கிடைக்கும், அதையே எடுங்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் மால்டாவில் உள்ள இந்தியக் கடைகளில் இருக்கிறது. படகு ஏறுவதற்குமுன் வாங்கிவிடலாம். தெருக் கடைகளில் பட்டாணி வைத்த பஸ்தித்சி என்ற பலகாரம் சூடாகக் கிடைக்கும், ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்துச் செய்பவர்களும் உண்டு, அம்மாவுக்குக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, அப்பளம், புளிக்காய்ச்சல் கொண்டுவரலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பால் பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவர இங்கே தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பிளக் முனை இங்கிலாந்து மாதிரி, அடாப்டர் இரண்டு வாங்கி வாருங்கள்.