ஃப்ரீசரில் வைத்த கெட்டி ரப்பர் பந்து ஏன் எழும்பவே மாட்டேங்குது? உள்ளே காற்றே இல்லையே!

எட்டாம்வகுப்பு_அப்பா:

வணக்கம். மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். வெப்பநிலை மாறினால் பந்தின் துள்ளல் மாறுமா என்று பார்த்து எழுத வேண்டும். வீட்டில் கிடந்த மூணு பந்தை எடுத்தோம்: டென்னிஸ் பந்து, டேபிள் டென்னிஸ் பந்து, அப்புறம் முழுக்க ரப்பரால் ஆன ஒரு கெட்டிப் பந்து. ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் சுவரில் அளவு டேப்பை ஒட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

டென்னிஸ் பந்து மந்தமாகிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான், காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்று அவள் புத்தகத்திலேயே இருக்கிறது. டேபிள் டென்னிஸ் பந்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பமே கெட்டிப் பந்தில்தான். சாதாரணமாகத் தொடை வரை எழும்பும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் முட்டியைக்கூட எட்டவில்லை. சத்தமும் வேற மாதிரி, 'டொக்'குனு கட்டை விழுந்த மாதிரி.

இதில் எந்தக் காற்று குளிர்ந்தது, எந்த அழுத்தம் குறைந்தது? "ரப்பர் சுருங்கியிருக்கும்" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். மகள் நூல் சுற்றி அளந்து பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணும் சுருங்கலையேப்பா" என்கிறாள். யாராவது விளக்குங்கள். அவளுக்குப் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது, எனக்குப் புரிந்தாலும் சரி.

இரட்டைமஞ்சள்புள்ளி:

ஸ்குவாஷ் ஆடுறவங்களுக்கு இது தினப்படி அனுபவம் சார். புதுப் பந்தை டப்பாவிலிருந்து எடுத்துக் கீழே போட்டால் செத்த பாம்பு மாதிரி கிடக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி சில நிமிஷம் சுவரில் அடித்து அடித்துச் சூடேத்தினால்தான் ஆடவே முடியும். விதியிலேயே இது இருக்கு: 254 செ.மீ. உயரத்திலிருந்து போடும்போது, 23 டிகிரியில் அதில் 12 சதவீதம், அதாவது 30 செ.மீ. எழும்பினாலே பந்து தேறிவிடும். அதே பந்து 45 டிகிரியில் 60 செ.மீ.க்கு மேல் வரணும். நல்ல ஆட்டத்தில் பந்து கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துடும், கையில் எடுத்தாலே தெரியும்.

ஏன் அப்படின்னு கேட்டால் தெரியாது. இடைவேளையில் பந்து ஆறிட்டா எதிராளியோட டிராப் ஷாட் (சுவரை ஒட்டி விழுற மாதிரி மெல்லத் தட்டுற அடி) எல்லாம் தரையோட தரையா செத்துப்போகும், அது மட்டும் நல்லாத் தெரியும்.

சார்லஸ்விதி:

கெட்டிப் பந்து என்றாலும் ரப்பருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருக்கும். அது குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. எல்லாம் வாயு விதிதான், இதில் புதிர் ஒன்றும் இல்லை.

ரப்பர்_லேப்:

மேலே நண்பர் சொன்னதை மறுக்க வேண்டியிருக்கு, மன்னிக்கணும். குமிழ் இல்லாமல் அச்சில் அழுத்தி வார்த்த ரப்பர் துண்டிலும் இதே விஷயம் நடக்கும். ரப்பர் கலவை சோதிக்கிற இடத்தில்தான் எனக்கு வேலை. அங்கே ஒரு ஊசல் இருக்கு. அதைத் தூக்கி விட்டால் ரப்பர் துண்டில் மோதித் திரும்பும், எவ்வளவு திரும்புச்சுன்னு முள் சதவீதத்தில் காட்டும். அறையை 23 டிகிரியில் வைக்காமல் எடுத்த ரீடிங்கை யாரும் மதிக்க மாட்டாங்க. ஏசி கெட்டுப்போன நாளில் சோதனையே கிடையாது. காற்று எங்கேயும் சம்பந்தப்படாத சோதனை இது.

விஷயம் ரப்பருக்குள்ளேயே இருக்கு. ரப்பர்ங்கிறது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அங்கங்கே கந்தகம் முடிச்சுப் போட்டிருக்கும், மற்ற இடமெல்லாம் வெப்பத்தால் ஓயாமல் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். பந்து தரையில் மோதி நசுங்கும்போது இந்தச் சங்கிலிகள் இடம் மாறுது, கிளம்பும்போது பழைய இடத்துக்குத் திரும்பணும். அதுக்குக் கிடைக்கிற அவகாசம் சில மில்லிவிநாடிதான். சூடா இருந்தால் சங்கிலிகள் சுறுசுறுப்பா நெளியும், அந்த நேரத்துக்குள்ள திரும்பிடும். குளிர்ந்தால் நெளிவு மந்தமாயிடும், ஒன்றோடொன்று உரசும், பந்து தரையை விட்டுக் கிளம்பும்போதுகூட உள்ளே பாதி திரும்பியிருக்காது. திரும்பி வராத அந்த ஆற்றல் வெப்பமா மாறிப் பந்துக்குள்ளேயே தங்கிடும். ஸ்குவாஷ் பந்து அடிக்க அடிக்கச் சூடாகிறது இந்த வெப்பத்தால்தான்.

உங்க மகள்கிட்ட ஒண்ணு செய்து பார்க்கச் சொல்லுங்க. குளிர்ந்த பந்தை நகத்தால் அழுத்தட்டும். முன்னைவிடக் கெட்டியா இருக்கும். கெட்டியான பொருள் நல்லா எகிறணும்னு நமக்கு ஒரு நினைப்பு, இங்கே அது பலிக்காது. கொடுத்ததில் எத்தனை பங்கைத் திருப்பித் தருதுங்கிறதுதான் கணக்கு.

காற்றை நான் தள்ளிவிடலை. டென்னிஸ் பந்துக்கு அது பெரிய விஷயம். உள்ளே வெளிக்காற்றைவிட 0.8 வளிமண்டலம் அதிகமா இருக்குன்னு வைங்க, மொத்தம் 1.8. அறையில் 27 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. கெல்வினில், அதாவது 273-ஐக் கூட்டினால், 300-லிருந்து 255. மொத்த அழுத்தம் 1.53 ஆகும். வெளிக்காற்றைக் கழித்தால் மிஞ்சுவது 0.53. மூன்றில் ஒரு பங்கு போயிடுச்சு! அதோட மேல் ஓடும் ரப்பர்தான், அதுவும் மந்தமாகுது. ரெண்டும் சேர்ந்துதான் நீங்க பார்த்தது. டென்னிஸ் பந்தின் துள்ளலைச் சோதிக்கும்போது (254 செ.மீ.லிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரணும்) பந்தை முன்கூட்டியே 20 டிகிரியில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

டேபிள் டென்னிஸ் பந்து பிளாஸ்டிக். வீட்டு வெப்பநிலையிலேயே அதன் மூலக்கூறுகள் உறைஞ்சுதான் இருக்கு, ஃப்ரீசர் புதுசா எதையும் உறைய வைக்கப்போவதில்லை. உள்ளே கூடுதல் அழுத்தமும் கிடையாது. இன்னொண்ணு: அதோட எடை 2.7 கிராம்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒட்டுன டேப் வரைக்கும் நடந்து வர்றதுக்குள்ளேயே பாதிக் குளிர் போயிருக்கும். அதனால் அந்த முடிவை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோட எழுதச் சொல்லுங்க.

பனிமட்டை:

ஐஸ் ஹாக்கியில் பக் என்கிற ரப்பர் வட்டை ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைப்பார்கள், துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. கோல்ஃபில் இதற்கு நேர்மாறு: ஆட்டத்தின்போது பந்தை வேண்டுமென்றே சூடாக்கி அடிக்கக் கூடாது என்று விதி 4.2-இலேயே இருக்கிறது. ஒருவருக்குத் தேவையான குளிர், இன்னொருவருக்குத் தடை செய்யப்பட்ட சூடு.

எட்டாம்வகுப்பு_அப்பா:

ரப்பர்_லேப் சார், ரொம்ப நன்றி. நகத்தால் அழுத்திப் பார்த்தாள், நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. இப்போது அவளுக்கு இரண்டு கேள்வி. எல்லா ரப்பரும் ஃப்ரீசரில் இப்படி ஆகுமா? குளிரை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துள்ளல் சைபர் ஆகிவிடுமா?

ரப்பர்_லேப்:

நல்ல கேள்வி, ரெண்டாவது குறிப்பா.

முதலாவது: ரப்பருக்கு ரப்பர் மாறும். ஒவ்வொரு ரப்பருக்கும் சங்கிலிகள் முழுசா உறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிற ஒரு வெப்பநிலை உண்டு. இயற்கை ரப்பருக்கு ஏறக்குறைய மைனஸ் 70. ரொம்ப எகிறுற 'சூப்பர் பால்' வகைப் பந்துகளில் இருக்கிற பாலிபியூட்டாடையீனுக்கு மைனஸ் 100 பக்கம் போகும். மைனஸ் 18 அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த ஒரு எண்ணை வைத்தே எல்லாத்தையும் சொல்லிட முடியாது. பியூட்டைல் ரப்பர், டயர் ட்யூபில் போடுறது, அதுவும் மைனஸ் 60, 70 பக்கம் உறைகிற ஜாதிதான். ஆனாலும் அறை வெப்பநிலையில் அதில் செய்த பந்து 'சொத்'துனு விழும். கொதிநீரில் போட்டு எடுத்தால் உயிர் வந்து எகிறும். முதல் தடவை பார்க்கிறவங்க பந்தை மாத்திட்டீங்களான்னு கேட்பாங்க.

ரெண்டாவது: சைபர் ஆகாது. துள்ளல் குறைஞ்சுக்கிட்டே போய், கண்ணாடி நிலைக்குக் கொஞ்சம் மேலே அடிமட்டத்தைத் தொடும். அதுக்கும் கீழே குளிரவைத்தால் மறுபடி ஏறும்! சங்கிலிகள் நெளியவே முடியாமல் உறைஞ்ச பிறகு உரசுறதுக்கும் எதுவும் இல்லை, ஆற்றல் வீணாவது குறையும். திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196-ல் முக்கிய ரப்பர் பந்து கோலிக்குண்டு மாதிரி தரையிலிருந்து எகிறும். உடையாமல் இருந்தால். பெரும்பாலும் சில்லு சில்லா உடைஞ்சுடும், அதனால் வீட்டில் இந்தப் பக்கமே போகாதீங்க.

சூட்டுப் பக்கம் சோதிக்கணும்னா வெந்நீர் போதும், பெரியவங்க யாராவது கூட இருக்கட்டும். டேபிள் டென்னிஸ் பந்தை அடுப்பு நெருப்புக்கிட்ட கொண்டுபோக வேண்டாம், பழைய செல்லுலாய்டு பந்து குப்புனு பத்திக்கும்.

மில்லிவிநாடி:

தாமதமாக வருகிறேன், ஒரு யோசனை மட்டும். பந்து உச்சியில் நிற்கும் அந்த நொடியில் கண்ணால் டேப்பைப் படிப்பது கஷ்டம், ஆளுக்கு ஒரு அளவு சொல்வார்கள். பந்தைப் போடும்போது போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையிலுள்ள விநாடியை வர்க்கம் எடுத்து 122-ஆல் பெருக்கினால் எழும்பிய உயரம் செ.மீ.யில் வந்துவிடும். 0.7 விநாடி என்றால் 60 செ.மீ., 0.5 என்றால் 30 செ.மீ. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கே இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று நான் போட்டுக் காட்டுவதுண்டு. மேலே போக எடுக்கும் நேரம் மொத்தத்தில் பாதி என்பதிலிருந்து உங்கள் மகளே கண்டுபிடித்துவிடுவாள்.

கெட்டிப் பந்து உள்வரை குளிர நேரமாகும், இரண்டு மணி நேரமாவது ஃப்ரீசரில் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் மேலே பூக்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டு உடனே போடுங்கள். அப்புறம் அதே பந்தைச் சில நிமிஷத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே இருங்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை. தட்டுகளுக்கு இடையிலுள்ள நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். அதை வரைபடமாகப் போட்டால் மூன்று பந்தை ஒப்பிடுவதைவிட இந்த ஒரே பந்தில் அவளுக்கு எழுத நிறையக் கிடைக்கும்.

எட்டாம்வகுப்பு_அப்பா:

பந்து மறுபடி ஃப்ரீசருக்குள் போய்விட்டது. என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.