பாலே அகாடமியில் சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். என் மகளுக்கு வயது 14. ஒரு வட்டார பாலே நிறுவனம் நடத்தும் அகாடமியில் முழுநேரப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை; எனக்குத்தான் கேள்விகள் தீரவில்லை.

‘தொழில்முறைக் கலைஞர்களுடன் ஒரே மேடையில்’ என்கிறார்கள். ‘நட்கிராக்கர்’ என்ற பிரபல பாலே நாடகம் நடக்கும்போது மாணவர்களை எலிகளாகவும் பொம்மை வீரர்களாகவும் மேடையேற்றுவது பல நிறுவனங்களில் வழக்கம்தானே! நான் அறிய விரும்புவது வேறு. இத்தகைய அகாடமிகளில் படித்தவர்களில் எத்தனை பேர் அதே குழுவில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள்? குழுவில் முழுக் கலைஞராகும் முன் டிரெய்னி, அப்ரெண்டிஸ் என்று பயிற்சிப் படிகள் வைத்திருக்கிறார்களே, அங்கே சம்பளம் உண்டா, அல்லது அப்போதும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டுமா? நேரில் கேட்டால் மழுப்புகிறார்கள்.

கால்விரல் நுனியில் நின்று ஆட அணியும் பாயிண்ட் ஷூவின் செலவு இன்னொரு கவலை. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கிய முனை அது. வியர்வையில் ஊறி இளகிவிடும். மேடைக் கலைஞர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. பெரிய குழுக்களில் கலைஞர்களுக்கு நிறுவனமே வாங்கித் தரும். மாணவர்களுக்கு?

இதுவரை அவள் பயின்றது வாகனோவா எனும் ரஷ்யப் பயிற்சி முறை. இந்த அகாடமியிலோ அமெரிக்காவில் உருவான பாலன்சின் பாணி. வேகமும் கை வைப்பும் வேறு. இந்த வயதில் மாறுவது சிரமமா? கணுக்கால் காயங்களைக் கவனிக்க பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

அனுபவமுள்ள பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். மாத இறுதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.