நாளை ராத்திரி டீம் டின்னர், இரண்டு குழந்தைகளோடு போக வேண்டும்: உடனே உதவி தேவை

நித்யா_புதுசு: நாளை சாயங்காலம் என் கணவரின் டீம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறது. புது வேலை, வரமாட்டோம் என்று சொல்ல முடியாது. போன வாரம் ஒரு ரெஸ்டாரண்டில் பெரியவன் போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்கே போய்விட்டார். பரிமாறியவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ன செய்வது, என்ன வாங்கிக் கொடுப்பது? யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

கோவை_அப்பா: எந்த நாடு, எந்த ஊர்? ஒன்றுமே சொல்லவில்லையே. நாங்கள் ஹாம்பர்க் வந்த வருடம் இப்படிக் கேட்கக்கூட ஆள் கிடையாது. டிசம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டு. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்கும் என்று தெரியாமல் வீட்டில் அரிசி தீர்ந்து, ரயில் நிலையத்தில் ரொட்டி வாங்கி ஜாம் தடவித் தின்றோம். இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நித்யா_புதுசு: மன்னிக்கவும், ஜெர்மனி, மூனிச். பெரியவனுக்கு 4 வயது, சின்னவளுக்கு 10 மாதம். இந்த மாநிலத்துப் பவேரிய சாப்பாட்டுக் கடையாம், ஏழரை மணிக்கு. நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம்.

டோர்ட்முண்ட்_அக்கா: தங்கச்சி, பயப்படாதையுங்கோ. நாங்கள் 1986இல் வந்த நேரம் வெளியில் சாப்பிடக் காசும் இல்லை, நேரமும் இல்லை. இவர் ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவினவர். குசினிக்குள்ளே நின்று பார்த்த ஆள் சொல்லுறார்: பிள்ளைகளோடு போனால் கடை திறந்த உடனே போகவேணும். கன இடங்களில் மத்தியானம் இரண்டு, இரண்டரைக்குக் குசினியை மூடினால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திறப்பினம். ஐந்தரைக்குப் போனால் கடை வெறுமை, பிள்ளை கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டினம். ஏழரை என்றால் பிள்ளைக்கு நித்திரை வாற நேரம், அதுதான் கரைச்சல்.

சென்னைப்_பையன்: போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மகிழினி_அம்மா: சத்தத்தோடு போட்டால் கூச்சலைவிட அதற்குத்தான் முறைப்பார்கள். பல கடைகளில் கேட்டால் வண்ணப் பென்சிலும் தாளும் தருவார்கள். இல்லாவிட்டாலும் கையோடு எடுத்துப் போங்கள், ஆனால் உட்கார்ந்த உடனே எடுக்காதீர்கள். சாப்பாடு வரும் முன் கடைசிக் கால்மணி நேரம்தான் ஆபத்து, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பானம் சொல்லும்போதே குழந்தைகள் சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள்.

கோவை_அப்பா: நம்ம ஊரில் பரிமாறுகிறவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் கல்லாப்பெட்டி, மீன் தொட்டி எல்லாம் காட்டுவார், நாம் நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே நாய் மேசைக்கடியில் படுத்திருக்கலாம், நம் பிள்ளை வாயைத் திறந்தால் குற்றம்.

சென்னைப்_பையன்: அதோடு தண்ணீருக்கும் காசு! அதுவும் குமிழி விடும் தண்ணீர்.

மகிழினி_அம்மா: அந்தத் தண்ணீரை என் மகள் முதல் வாய் குடித்ததும் நாக்கைத் துடைத்துக்கொண்டு "கடிக்குதும்மா" என்று மேசைவிரிப்பிலேயே துப்பினாள். குமிழி இல்லாத தண்ணீர் வேண்டுமென்றால் "ஷ்டில்லெஸ் வாஸர்" என்று தெளிவாகக் கேளுங்கள். நாய் புலம்பலை நிறுத்துவோமா? நாய் அமைதியாகத்தானே படுத்திருக்கிறது.

நித்யா_புதுசு: நாளைக்குத்தான் டின்னர்! 😭 பேசாமல் எல்லாரையும் இந்தியன் ரெஸ்டாரண்டுக்கு மாற்றச் சொல்லட்டுமா? ஒரு விஷயம், பெரியவனுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை முகமெல்லாம் வீங்கிவிட்டது.

டோர்ட்முண்ட்_அக்கா: ஐயோ பிள்ளை, இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதோ!

ஸ்டுட்கார்ட்_ராஜி: இப்போதுதான் பார்த்தேன். இந்தியன் ரெஸ்டாரண்டுக்கு மாற்றவே வேண்டாம். குருமா, பனீர் கிரேவி என்று பலவற்றில் முந்திரியை அரைத்துத்தான் ஊற்றுகிறார்கள், கண்ணுக்கே தெரியாது.

2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க, ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது உணவில் இருக்கிறது என்று ரெஸ்டாரண்டுகளும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சின்ன எழுத்தோ எண்ணோ போட்டிருப்பார்கள். முந்திரி "ஷாலென்ஃப்ரூஷ்டெ" (கொட்டை வகைகள்) என்ற தலைப்பில் வரும், வேர்க்கடலை தனி. போன கடையில் பார்த்த எழுத்தை நம்பாதீர்கள், கடைக்குக் கடை மாறும். மெனுவின் கடைசிப் பக்க விளக்கத்தைப் படியுங்கள். தெரியாமல் கலந்த துளியை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் பரிமாறுபவரிடம் வாயால் கேட்டு, சமையலறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மருந்து கைப்பையில் இருக்கட்டும். முகமோ உதடோ வீங்கினால் அவசர எண் 112ஐக் கூப்பிடுங்கள். இதுவரை டாக்டரிடம் காட்டவில்லை என்றால் டின்னரைவிட அதுதான் அவசரம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கேஸெஷ்பெட்ஸ்லெ என்ற சீஸ் நூடுல்ஸ் (முட்டை உண்டு) 4 வயதுக்குப் பிடிக்கும். செம்மெல்க்னோடெல் ரொட்டி உருண்டை காளான் குழம்போடு வந்தால் பெரும்பாலும் சைவம், இருந்தாலும் கேளுங்கள். பேன்கேக் சூப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் மாட்டு எலும்பு ரசம். வறுத்த உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோஸிலும் பன்றித் துண்டு கிடக்கலாம். பெரியவன் ஒழுங்காகச் சாப்பிடாத ஆள் என்றால் "ரொய்பர்டெல்லர்" கேளுங்கள், காலித்தட்டு தருவார்கள், உங்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம். பல இடத்தில் அதற்குக் காசு கிடையாது. சின்னவளுக்குப் பருப்புசாதம் டப்பாவில் எடுத்துப் போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

இன்றே போன் பண்ணி மூன்று விஷயம் கேளுங்கள்: குழந்தை நாற்காலி, அதாவது ஹோக்ஷ்டூல், ஒதுக்கி வைப்பார்களா, ஓர மேசை கிடைக்குமா, டயப்பர் மாற்ற இடம் உண்டா. பழைய கடைகளில் கடைசியது இருக்காது, வழியில் டயப்பர், சோப்பு விற்கும் ஒரு டிஎம் கடையில் மாற்றிவிட்டுப் போங்கள்.

சென்னைப்_பையன்: அடுத்த தடவை நீங்களே ஏற்பாடு செய்தால் பீர் கார்டன், அதாவது திறந்தவெளித் தோட்டக் கடை, சொல்லுங்கள். அங்கே வீட்டுச் சாப்பாட்டையே கொண்டு போகலாம், 1999 பவேரிய பீர் கார்டன் விதிக்கான விளக்கத்திலேயே அது இருக்கிறது. குடிக்க மட்டும் அங்கே வாங்க வேண்டும். மூனிச்சிலேயே இருக்கும் ஹிர்ஷ்கார்டன் என்ற பீர் கார்டனில் விளையாட்டு இடமும் மான்களும் உண்டு.

நித்யா_புதுசு: போன் பண்ணிவிட்டேன். ஓர மேசை சரி என்றார்கள். மருந்து இருக்கிறது, டாக்டர் ஊரிலேயே எழுதிக் கொடுத்தார். முந்திரி பற்றி சமையல்காரரிடம் கேட்டு நாளை சொல்வார்களாம். ஆனால் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறதாம்.

மகிழினி_அம்மா: அது சின்னவளுக்கு. பெரியவனுக்கு "சிட்ஸ்எர்ஹோயுங்" கேளுங்கள், இருக்கைமேல் வைக்கும் பலகை. நாளை அவர்கள் சொல்லும்போதே கேட்டுவிடுங்கள்.