பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பகடை உருட்ட விரும்புகிறேன்: பழைய நூல்கள் போதுமா?

கல்லடிவாசி எழுதியது:

வணக்கம். கொழும்பில் படித்த காலத்தில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விடாமல் விளையாடியவன் நான். ஒருவர் நடத்துநராகக் கதையைக் கொண்டுசெல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, எடுத்த காரியம் பலிக்கிறதா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு அது. அப்போது எங்களிடம் இருந்தது 2003இல் வெளிவந்த மூன்றரைப் பதிப்பு. வேலை, குடும்பம் என்று ஆனபின் அந்த நண்பர்கள் கனடாவுக்கும் லண்டனுக்குமாகப் பிரிந்துபோனார்கள். நூல்கள் மட்டும் கல்லடியில் என் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்த அக்காவின் பிள்ளைகள், தங்கள் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, விளையாடக் கற்றுத்தரும்படி கேட்கிறார்கள். எனக்கும் ஆசை அடங்கவில்லை. பழைய விதிகளோடே தொடங்கலாமா, புதிய பதிப்புக்கு மாற வேண்டுமா? ஆங்கிலத்தில் தயங்கும் பிள்ளைகளோடு முழுவதும் தமிழில் நடத்துவது இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏறாவூர் வாசகன் எழுதியது:

அண்ணா, பழைய நூல்களை வைத்திருங்கள். அவற்றிலுள்ள வரைபடங்களும் கதைகளும் இன்றும் பயன்படும். ஆனால் புதியவர்களுக்குக் கற்பிக்க 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மூன்றரையில் பாத்திரம் ஒவ்வொரு நிலை உயரும்போதும் திறன் புள்ளிகளைப் பங்கிட்டு, சண்டையில் சின்னச் சின்னக் கூட்டல் கழித்தல்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பு அவற்றில் பெரும்பகுதியை ஒரே வழக்கத்துக்குள் அடக்கிவிட்டது: சூழ்நிலை சாதகமாக இருந்தால் இருபது பக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும், பாதகமாக இருந்தால் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு ஒருமுறை உருட்டும்போது 50 சதவீதம். சாதகம் கிடைத்தால் அது 75 சதவீதமாகிறது. இதைப் பிள்ளைகள் முதல் சண்டையிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

பழைய பழக்கம் உங்களைத் தடுமாறவைக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய பதிப்பில் பெரிய அரக்கர்களின் கவச எண், அதாவது அடி படுவதற்கு நாம் எட்ட வேண்டிய எண், 30ஐயும் தாண்டும். புதியதில் மிகப் பயங்கரமான டராஸ்க் என்னும் உயிரினத்துக்கே அது 25தான். ஆகவே பழைய நூலின் அரக்கர் எண்களை அப்படியே கொண்டுவராமல், அதே உயிரினத்தின் புதிய எண்களைப் போடுங்கள். பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்துக் கொடுக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். 2024இல் வந்த திருத்திய நூலுக்கு அவசரப்பட வேண்டாம்.

பாண்டிருப்பு அக்கா எழுதியது:

தம்பி, தமிழில் தாராளமாக நடத்தலாம். என் வீட்டு விறாந்தையில் நடப்பது தமிழில்தான். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு பண்புகளையும் கொப்பித்தாளில் எழுதி, எண்களைப் போட்டு, ஆயத்தமான பாத்திரங்களாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். முதல் நாளிலேயே பாத்திரம் உருவாக்கச் சொன்னால் அந்தப் பொழுது அதிலேயே கழிந்துவிடும். நடத்துநரின் வேலையைக் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது: கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் களரியைக் கொண்டுசெல்வதுபோல என்று சொன்னேன், உடனே விளங்கிக்கொண்டார்கள்.

கதைக்களத்துக்கும் தூரம் போக வேண்டாம். உகந்தையிலிருந்து குமண வழியாக, கும்புக்கன் ஆற்றைக் கடந்து கதிர்காமம் செல்லும் பாத யாத்திரைப் பாதையையே நான் எடுத்துக்கொண்டேன். காடு, தண்ணீர்ப் பஞ்சம், விலங்குகள், துணைக்கு வரும் அந்நியர்கள் என்று ஒரு சாகசத்துக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. பாதையில் யானை நிற்கிறது என்றேன். வைத்தியர் பாத்திரம் ஏற்றிருந்த சிறுமி பகடையைத் தொடவே இல்லை, “தனியனா, குட்டியோடு நிற்கிறதா?” என்று கேட்டாள். குட்டியோடு என்றதும், சத்தம் போடாமல் பின்வாங்கி, நம் வாடையைக் காற்று அதனிடம் கொண்டுபோகாத பக்கமாகச் சுற்றிப்போகலாம் என்று மற்றவர்களை அழைத்தாள். அன்றைய சண்டை நடக்கவே இல்லை, ஒருவருக்கும் அது குறையாகவும் படவில்லை.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். விளையாடத் தொடங்கும் முன், கதையில் எவை வரக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். போரில் காணாமற்போனவர்களும் 2004 சுனாமியில் பறிபோனவர்களும் நம் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். என் மேசையில் ஆட்கடத்தலும் கடல் பொங்கி வருவதும் கதைக்குள் வருவதில்லை. எவராவது கையை உயர்த்தினால், காரணம் கேட்காமலே அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம்.

கல்லடிவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா கடைசியாகச் சொன்னது கொழும்பில் விளையாடிய நாட்களில் எங்களில் எவருக்கும் தோன்றாத விடயம். அதை முதலில் செய்வேன். இரண்டு சிக்கல்கள் எஞ்சியிருக்கின்றன. சனியும் ஞாயிறும் பிள்ளைகளுக்கு ரியூஷன். இருபது பக்கப் பகடையோ என்னிடம் இப்போது இல்லை, இங்குள்ள கடைகளிலும் கண்ணில் படவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து எழுதியது:

போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினங்களைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அன்று ரியூஷன் இராது, மாதத்துக்கு ஒருநாள் உறுதியாகக் கிடைக்கும். ஆனால் ஒரே அமர்வில் முடியும் கதையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த போயாவுக்குள் பாதி மறந்துபோகும். பகடைக்குக் கைப்பேசிச் செயலிகள் உண்டு என்றாலும், கையால் உருட்டும் மகிழ்ச்சி அதில் இல்லை. 1 முதல் 10 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்; கூடவே சாதாரண ஆறு பக்கப் பகடையையும் உருட்டட்டும். 1, 2, 3 விழுந்தால் சீட்டில் உள்ள எண்ணே முடிவு. 4, 5, 6 விழுந்தால் அதனோடு 10ஐக் கூட்டுங்கள். ஒன்று முதல் இருபது வரை எல்லா எண்களுக்கும் சம வாய்ப்புக் கிடைக்கும். எடுத்த சீட்டை மறக்காமல் கிண்ணத்திலேயே திரும்பப் போடச் சொல்லுங்கள்.